முத்திரை சரியாகப் பதியவில்லையா? குறை ரப்பரில் இல்லை!

வாழ்த்து அட்டை, அன்பளிப்புப் பையில் கட்டும் பெயர்ச்சீட்டு, வலீமா விருந்துக்கான சிறு அழைப்பு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தக உறை என்று காகிதத்தில் அழகு செய்யும் கைவேலையை வீட்டிலிருந்தபடியே பழகியிருக்கும் சகோதரிகள் நம்மிடையே பலர் உள்ளனர். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலரோ அக்கம்பக்கத்தாரிடம் ஆர்டர் பெற்று, அதையே பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒரு வழியாகவும் ஆக்கிக்கொண்டுள்ளனர். இரு சாராருக்கும் பொதுவான மனக்குறை ஒன்று உண்டு. ஆசையோடு வாங்கிய ரப்பர் முத்திரை ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் விழுகிறது. பூவைச் சுற்றிலும் மைக்கறை படிகிறது. எழுத்தின் நடுவே வெள்ளைத் திட்டுத் தெரிகிறது. ஐம்பது அட்டைகளுக்கு ஒப்புக்கொண்ட ஒருவருக்குப் பத்து அட்டைகள் இவ்வாறு வீணானால், வரவேண்டிய இலாபம் அதிலேயே கரைந்துவிடும்.

"முத்திரையே சரியில்லை" என்று அதை மூலையில் போடுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அட்டையின் அடியில் நாலைந்து செய்தித்தாள்களை மடித்து வைத்து, அதே முத்திரையை மீண்டும் பதியுங்கள். இப்போது நன்றாக விழுந்தால் ரப்பரில் குறையில்லை என்பது உறுதி. ரப்பருக்கும் கட்டைக்கும் இடையே இருக்க வேண்டிய மெத்தை இல்லை, அல்லது அது தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.

முத்திரை என்பது ஒரே பொருளன்று. மேலே பிடித்துக்கொள்ளும் கட்டை, நடுவில் மெத்தை, கீழே உருவம் தாங்கிய தகடு என மூன்றும் சேர்ந்ததே முத்திரை. கடைக்காரர் நமக்கு விற்பது பெரும்பாலும் மூன்றாவதன் அழகை. பதிவின் தரத்தை முடிவு செய்வதோ முதல் இரண்டும். இந்த இரண்டையும் நம் கையாலேயே செய்துகொள்ளலாம் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. கட்டையில்லாத வெறும் தகடாக வாங்கினால் விலையும் குறையும்.

தகடு பிறந்த கதை

அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைபெறுகிறது என்பதை 1839-இல் கண்டறிந்து, 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் முத்திரை தோன்றியது 1860-களில். அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடியவர்கள் ஒருவருக்கு மேற்பட்டோர். இதில் ஒரு சுவையான செய்தி, தொடக்க கால முத்திரைகள் பல், பல் மருத்துவர்களின் கொதிகலன்களில் உருவாயின என்பதுதான்! பொய்ப்பல் வரிசைக்கு ரப்பரில் அடித்தகடு செய்ய அவர்கள் வைத்திருந்த சிறு கலனே முத்திரை வார்க்கவும் பயன்பட்டது. இன்றும் பழைய முறையில் வார்ப்பவர்கள், அச்சின்மீது பதப்படுத்தாத ரப்பரை வைத்து, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்தியே தகட்டை எடுக்கின்றனர்.

இப்போது கடைகளில் வேறு வகைகளும் கிடைக்கின்றன. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிமர் தகடு ஒன்று: திரவமாக இருக்கும் பாலிமரின்மீது நெகட்டிவ் வழியாகப் புறஊதா ஒளியைச் செலுத்தினால் ஒளி பட்ட இடம் இறுகிவிடும், மீதியைக் கழுவிவிடுவார்கள். மற்றொன்று, ரப்பர் தாளில் லேசர் கதிரால் செதுக்கப்படுவது. மூன்றாவதாக, உள்ளேயே மை ஊறியிருக்கும் பிளாஷ் ஸ்டாம்ப். அலுவலகக் கையெழுத்துக்கு இது மிகவும் வசதி. நம் கைவேலைக்கு ஆகாது. ஒரே நிறத்தில்தான் பதியும் என்பதோடு, மையை மாற்றவும் வழியில்லை. ஆகவே கடையில் கேட்கும்போது, "தனித் தகடாக, ரப்பர் அல்லது பாலிமரில், கைப்பிடி இல்லாமல்" என்று தெளிவாகக் கேளுங்கள்.

எழுத்து முத்திரை செய்யக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினியில் அரபு எழுத்துக்களுக்கு ஏற்ற வசதி இல்லாத மென்பொருளைப் பயன்படுத்தினால், சேர்ந்து வரவேண்டிய எழுத்துக்கள் தனித்தனியே பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அரபு படிக்கத் தெரியாத ஊழியருக்கு அது தவறென்றே தோன்றாது. தகடு செய்வதற்கு முன் காகிதத்தில் மாதிரிப் படி கேட்டு வாங்கிப் பாருங்கள். படி இடவலம் மாறிய உருவில் இருந்தால், தாளைத் திருப்பி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் படியுங்கள், நேராகத் தெரியும். இதற்கு ஒரு நிமிடமே ஆகும். தகடு வந்தபின் கண்டறியப்படும் பிழைக்குப் பரிகாரம் கிடையாது.

ஓரம் வெட்டுதல்

தகடு கைக்கு வந்ததும் உருவத்தைச் சுற்றிலும் வெற்று ரப்பர் இருக்கும். அதை அப்படியே விட்டால் அந்த ஓரமும் மையைத் தொட்டுக்கொண்டு, அட்டையில் வேண்டாத கோடுகளை இழுக்கும். உருவத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு மீதியை நீக்க வேண்டும்.

கூரிய, நுனி மெலிந்த கத்தரிக்கோல் இதற்குப் போதுமானது. துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அதன்பின் அது துணிக்கும் உதவாது. வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்கட்டும். மற்றக் கையால் தகட்டைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். பூவின் இதழ்களுக்கிடையே நுழைந்து நுழைந்து வெட்ட ஆசை வரும். தேவையில்லை. உருவத்தின் பொதுவான வடிவத்தை ஒட்டி வெட்டினால் போதும்.

மிக முக்கியமானது வெட்டின் சாய்வு. கத்தி நேர்செங்குத்தாக இறங்க வேண்டும். அல்லது அடிப்பக்கம் சற்றே அகன்றிருக்கும்படி வெளிப்பக்கம் சாய வேண்டும். உட்பக்கமாகச் சாய்ந்துவிட்டால் மேலேயுள்ள கோட்டுக்குக் கீழே தாங்கல் இல்லாமல் போகும். பதிக்கும்போது அந்த விளிம்பு மடங்கி, கோடு இரட்டையாக விழும். வாங்கிய முத்திரையில் ஓரக்கோடு மட்டும் எப்போதும் கலங்கலாக விழுகிறதென்றால், அங்கே இந்தச் சாய்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எழுத்து முத்திரைகளில் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு தேவை. தமிழிலும் அரபியிலும் புள்ளி என்பது அலங்காரமன்று, எழுத்தின் உயிர். "ஈத் முபாரக்" என்று தமிழில் எழுதினால் இரண்டு புள்ளிகள். அவை எழுத்தின் உச்சியில், தகட்டின் மேல் விளிம்பை ஒட்டியே நிற்கின்றன. கத்தரிக்கோல் சற்றே உள்ளே சென்றால் அது "ஈத முபாரக" ஆகிவிடும். அரபியிலோ புள்ளிகள் கீழ்ப்புறம் வருகின்றன: முதற்சொல்லின் நடுவிலுள்ள "யா"வுக்குக் கீழே இரண்டு, அடுத்த சொல்லின் "பா"வுக்குக் கீழே ஒன்று. அந்த ஒன்று போய்விட்டால் மிஞ்சுவது ஒரு சிறு பல். அது பாவா, நூனா, யாவா என்று சொல்ல இயலாது. மேலும், புள்ளி தனித்து நிற்பதால் கையின் அழுத்தம் அதன்மீது கூடுதலாக விழுகிறது. அடியில் தாங்கல் குறைந்திருந்தால் சாய்ந்து இழுபடும். எனவே எழுத்து முத்திரைகளை வளைத்து வளைத்து வெட்டாமல், மேலும் கீழும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, ஒரே செவ்வகமாக வெட்டிக்கொள்வதே நல்லது. ஓரத்தில் மை பட்டால் பதிப்பதற்கு முன் ஈரத்துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடலாம். வெட்டிப்போன புள்ளியைத் திரும்ப ஒட்ட முடியாது.

இடையில் ஒரு வார்த்தை. கிழித்தெறியப்படும் உறைகளிலும் பொட்டலத் தாள்களிலும் புனித வாசகங்களைப் பதிப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் விரும்புவதில்லை. அவற்றிற்குக் கொடி, பூ, எட்டுமுனை நட்சத்திரம் போன்ற உருவங்களே ஏற்றவை. பதிவில் சற்றே பிசகினாலும் அவை பொறுத்துக்கொள்ளும்!

மெத்தையில்தான் எல்லாம்

கண்ணுக்குச் சமமாகத் தெரியும் எந்தப் பரப்பும் உண்மையில் முழுச் சமமாக இருப்பதில்லை. மேசையிலும் மேடுபள்ளம் உண்டு, அட்டையிலும் உண்டு, ரப்பரின் கனமும் இடத்துக்கிடம் மயிரிழை வேறுபடும். இந்த வேறுபாடுகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுத்தம் செல்லும்படி செய்வதே மெத்தையின் பணி. மெத்தையின்றி ரப்பரை நேராகக் கட்டையில் ஒட்டினால் உயர்ந்த இடம் கருத்தும், தாழ்ந்த இடம் வெளுத்தும் பதியும்.

அப்படியானால் தடித்த, மிருதுவான மெத்தை நல்லதல்லவா என்று கேட்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் போன்றவற்றை வைத்தால் அழுத்தும்போது தகடு முழுவதும் உள்ளே அமிழ்ந்து, உருவத்துக்கு வெளியே உள்ள பள்ளப் பகுதியும் காகிதத்தைத் தொட்டுவிடும். பூவைச் சுற்றிக் கறை படிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. வேண்டியது, அழுத்தினால் சற்றே இறங்கி, கையை எடுத்தவுடன் பழைய நிலைக்கு எழும்பி வரும் பொருள். வெளிநாட்டு முத்திரைகளில் எட்டில் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள நெருக்கமான ஃபோம் வைக்கின்றனர். நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் பிள்ளைகளின் கைவேலைக்கென விற்கும் ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் இதற்கு நன்றாகப் பொருந்தும். 2 மில்லிமீட்டர் தாள் கிடைத்தால் சிறிய எழுத்து முத்திரைகளுக்கு அதை வையுங்கள். அகன்ற பூ உருவங்களுக்கு 3 மில்லிமீட்டர். கணினி மௌஸின் அடியில் போடும் பழைய விரிப்பைக்கூட வெட்டிப் பயன்படுத்தலாம்.

ஒட்டும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த இயலாது என்பதால் முதலிலேயே இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதன் வாடை தலைவலியை உண்டாக்கும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் பிள்ளைகளும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பசை வேண்டாமென்றால் நல்ல இருபுற ஒட்டு நாடா போதும். வெள்ளைப் பசை மரத்துக்கு நல்லது; ரப்பரை அது பிடித்து நிற்காது. ஒரு சொட்டில் ஒட்டும் உடனடிப் பசை காய்ந்தால் கல்லாக இறுகி, மெத்தையின் குணத்தையே கெடுத்துவிடும்.

தகட்டை முதலில் ஃபோமின்மீது ஒட்டி, பின்னரே ஃபோமைத் தகட்டின் விளிம்போடு விளிம்பாக வெட்ட வேண்டும். இரண்டையும் தனித்தனியே வெட்டிப் பொருத்த முயன்றால் எங்கேனும் ஓரிடத்தில் மெத்தை உள்வாங்கியிருக்கும். அந்த இடம் தாங்கலின்றி மடங்கும்.

மரக்கட்டையா, அக்ரிலிக் கட்டையா?

மரம்தான் வேண்டுமென்றால் தச்சுப் பட்டறையில் மீந்த, நன்கு உலர்ந்த தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பச்சை வாடை மாறாத மரம் பின்னர் வளைந்து, அத்தனை உழைப்பையும் வீணாக்கும். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டு நடு உயர்ந்துவிடும்; அதற்கு மாறாக உப்புத்தாளை ஒரு கண்ணாடியின்மீது விரித்து, கட்டையை அதில் வைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் 120-ஆம் எண் தாள், பிறகு 220. தேய்த்த கட்டையைக் கண்ணாடியில் வைத்து விரலால் மூலைகளைத் தட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் அது தயார்.

மரத்தின் ஊடே கண் பார்க்காது. ஆகையால் எழுத்துவரி கட்டையின் விளிம்புக்கு இணையாக இருந்தால்தான் அட்டையில் நேராகப் பதிய முடியும். ஒட்டுவதற்கு முன் கட்டையின் அடியில் நடுக்கோடு ஒன்றைப் பென்சிலால் இழுத்துக்கொள்ளுங்கள். மேற்புறத்தில் உருவத்தின் பதிவொன்றைக் காகிதத்தில் எடுத்து, அடியிலுள்ள தகட்டுக்கு நேர் மேலே ஒட்டினால் எங்கே விழும் என்பது தெரியும். தலைப்பக்கத்து விளிம்பில் "மேல்" என்று எழுதி வைப்பதும் நன்று.

இருபது முத்திரைகளுக்கு இருபது கட்டைகள் என்றால் செலவும் இடமும் பெருகும். அதனால்தான் இப்போது பலரும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் கட்டைக்கு மாறியுள்ளனர். சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று கட்டைகள் இருந்தால் எத்தனை தகடுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் வெட்டி மீந்த அக்ரிலிக் துண்டுகள் இருக்கும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனமானதாகக் கேளுங்கள். மெல்லியது அழுத்தத்தில் வளையும். ஓரங்களை உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துவிடுங்கள். பாலிமர் தகடு தன் பிசுபிசுப்பாலேயே அக்ரிலிக்கில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் தகட்டுக்கு, ஒரு பக்கம் நிலையான பசையும் மறுபக்கம் ஒட்டி ஒட்டி எடுக்கக்கூடிய பரப்பும் கொண்ட ஃபோம், கைவினைப் பொருள் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது.

என் விருப்பத்தைக் கேட்டால், எழுத்துக்களுக்கு அக்ரிலிக். பதியுமுன் எங்கே விழப்போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிவதற்கு ஈடில்லை. ஒரே உருவத்தை நூறு முறை பதிக்க வேண்டிய வேலைக்கு மரம். கைக்கு அதுவே இதம்.

முதல் மைக்கு முன்

புதுத் தகடு மையை ஏற்காமல், தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாக நிற்க விடுவதைக் கண்டிருப்பீர்கள். அச்சிலிருந்து தகடு எளிதாகப் பிரிவதற்காகப் பூசிய பொருள் அதன் மேற்பரப்பில் தங்கியிருப்பதே காரணம். கட்டையில் ஏற்றும் முன்பே மென்மையான சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, நிழலில் உலர்த்துங்கள். லேசரில் செதுக்கிய தகடாக இருந்தால் பள்ளங்களில் கரித்தூள் படிந்திருக்கும். தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பாலிமர் தகட்டின் முகத்தை, கழுவி உலர்ந்தபின், வெள்ளை ரப்பர் அழிப்பானால் மிக மெதுவாக ஒருமுறை தேய்த்தால் பளபளப்பு மங்கி, மை சீராகப் பிடிக்கும். அதற்குப் பிறகும் முதல் நாலைந்து பதிவுகள் வேண்டாத தாளில் இருக்கட்டும்.

மைத்தட்டில் முத்திரையை அழுத்தித் தேய்க்காதீர்கள். மெல்லத் தட்டித் தட்டி எடுங்கள். அகன்ற முத்திரையாக இருந்தால் அதை மல்லாத்தி வைத்து, மைத்தட்டை அதன்மேல் தட்டலாம். காகிதத்தில் பதிக்கும்போது நேராக இறக்கி, சமமாக அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஓரங்கள் கறைபடும். சாயமாக ஊறும் மை சாதாரணக் காகிதத்தில் விரைவில் உலரும். மேற்பரப்பில் தங்கும் கெட்டியான நிறமி மை தாமதமாக உலரும், ஆனால் நிறம் அழுத்தமாக நிற்கும். வழுவழுப்பான அட்டையில் அலுவலக ஸ்டாம்ப் பேட் மையைப் பதித்தால் நெடுநேரம் காயாமல் கையில் ஒட்டும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மரக்கட்டையைத் தண்ணீரில் மூழ்க விடக்கூடாது; பசையும் விடும், மரமும் உப்பும். ஸ்பிரிட், தின்னர் போன்றவற்றைப் பாலிமர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சிவப்பு மை அதில் தங்கும் நிறம் போகாது என்று வருந்தாதீர்கள். அதனால் பதிவு கெடுவதில்லை. ஆனால் வெயில் பட்டால் பாலிமர் மஞ்சளித்து இறுகும். ரப்பரும் நாளடைவில் வெடிப்பு விடும். மூடிய பெட்டியே இரண்டுக்கும் நல்லது. பாலிமர் தகடுகளைப் பழைய சி.டி. உறைகளில் ஒட்டி, நூல்போல் அடுக்கி வைக்கலாம். பிசுபிசுப்புக் குறைந்தால் சோப்பில் கழுவுங்கள், மீண்டும் ஒட்டும்.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும், பதியாத பழைய முத்திரைகளையும் எடுத்து வாருங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சற்றுச் சூடேற்றினால் பசை இளகும். ஒரு மூலையிலிருந்து கெட்டியான நூலை உள்ளே செலுத்தி, அறுப்பதுபோல் மெல்ல இழுத்தால் தகடு கிழியாமல் பிரிந்துவரும். ஒட்டியிருக்கும் பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, கழுவி, புது மெத்தையில் ஏற்றுங்கள். மிஞ்சிய கட்டையைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்து வைத்தால் அடுத்த தகட்டுக்கு ஆகும்.